எந்தக் கை முதலில் வரும்

லைட்ஹவுஸ் குப்பம்
12.10.1986

அன்புள்ள அக்கா மனோரமாவுக்கு, தம்பி மாரி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா, நைனா, நான் மூவரும் சுகம். மழை தொடங்கியதும் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, அது ஒன்றுதான் குறை. உன் சுகத்தையும் மாமா சுகத்தையும் எழுதவும்.

நம் கரையில் நின்று பார்த்தால் ஏரிக்கு அந்தப் பக்கம் உங்கள் நடுமேட்டுக் குப்பத்துக் கூரைகள் தெரிகின்றன. அப்படியிருந்தும் இன்லேண்டு கவர் வாங்கி உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. என்ன செய்வது, ஊர்க் கட்டுப்பாடு. உங்கள் ஊர் ஆளோடு எங்கள் ஊர் ஆள் ஒரு வார்த்தை பேசினாலும் அபராதம், அதோடு அந்த வீடு வலை இறக்கக் கூடாது. அதனால் இதைப் பழவேற்காட்டில் ஓலைப்பெட்டி விற்கும் கைருன் பீவி வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். இறால் விற்க வரும்போது நீ வாங்கிக்கொள்வாய் என்று நம்புகிறேன். அந்த அம்மா பிரித்துப் படிக்க மாட்டார்கள் என்றும் நம்புகிறேன். இரண்டுமே அரைகுறை நம்பிக்கைதான்.

சண்டை முடிகிற வழி ஒன்று பிறந்திருக்கிறது, கேள்விப்பட்டிருப்பாய். முகத்துவாரத்தில் ஊர் ஊராக வலை கட்டுகிற பாட்டு முறைக்கு இந்த வருசம் திரும்பத் திரும்பச் சீட்டுப் போட்டும் தீரவில்லை. முதலில் வலை கட்டும் முறை உங்களுக்கு விழுந்தால், சீட்டில் மெழுகு தடவியிருக்கிறது என்று நாங்கள் சொன்னோம். எங்களுக்கு விழுந்தால், சீட்டு எடுத்த குழந்தைக்கு நாங்கள் மிட்டாய் கொடுத்துப் பழக்கினோம் என்று நீங்கள் சொன்னீர்கள். கடைசியில் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து, கண்ணால் பார்க்கிற ஒன்றை வைத்துத் தீர்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்தார்கள். காணும் பொங்கலன்று, ஒல்லாந்தர் கல்லறைக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் பந்தாட்டம். ஜெயிக்கிற ஊருக்குத் தை முதல் ஆடி வரை முகத்துவாரத்தில் முதல் பாடு. அன்றோடு கட்டுப்பாடும் போய்விடும். சமமாக முடிந்தால் அடுத்த வருசம் வரை இதே நிலைதான், நீ அங்கே, நாங்கள் இங்கே.

எங்கள் ஊருக்கு ஃபார்வர்டு நான். உங்கள் ஊருக்கு கோல்கீப்பர் மாமா. போன வருசம் திருவிழா ஆட்டத்தில் எனக்கும் மாமாவுக்கும் நடுவில் ஆளே இல்லாமல் இரண்டு தடவை போனேன். இரண்டையும் பிடித்தார். பிடித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

நீ அவரோடு ஒரே வீட்டில் இருப்பவள். எந்தப் பக்கம் சாய்வார், எந்தக் கை முதலில் வரும், உன் கண்ணில் பட்டதை எழுது. படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் தம்பி மாரி


நடுமேட்டுக் குப்பம்
20.10.1986

தம்பி மாரிக்கு அக்காவின் ஆசீர்வாதம். இங்கே அவரும் நானும் சௌக்கியம். அம்மா முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடாக்கித் தேய்க்கச் சொல். நைனாவை நான் கேட்டதாகச் சொல்.

உன் கடிதம் பிரிக்காமல்தான் வந்து சேர்ந்தது. நீ ஊரில் யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படு, கைருன் அக்காவை விட்டுவிடு.

பெண்டாட்டியிடமே புருசனைப் பற்றி உளவு கேட்கிறாயே, கொஞ்சமாவது கூச்சமாக இருக்கிறதா? எனக்குப் பந்தாட்டம் என்ன தெரியும்? நான் என்ன மைதானத்தில் சுண்டலா விற்கிறேன்? அவரைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அவசரப்படுகிறவர் இல்லை. எதையும் பொறுத்திருந்துதான் செய்வார்.

இந்த மாதிரி விஷயமெல்லாம் கடிதத்தில் எழுதாதே. அம்மாவைப் பற்றி எழுது, கருவாட்டு விலை எழுது. ஆனால் எழுதுவதை நிறுத்திவிடாதே. உன் கடிதம் வந்திருக்குமோ என்று பார்ப்பதற்காகவே இந்த வாரம் சந்தைக்குக் கூடுதலாக ஒரு நடை போனேன்.

இப்படிக்கு,
மனோரமா


லைட்ஹவுஸ் குப்பம்
29.10.1986

அன்புள்ள அக்காவுக்கு மாரி எழுதிக்கொண்டது. எல்லோரும் நலம். அம்மாவுக்கு எண்ணெய் கேட்கிறது. உங்கள் வீட்டு நலத்துக்கு எழுதவும். கருவாட்டு விலை எழுதச் சொன்னாய், ஏறவே இல்லை, போதுமா?

நீ ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழுதிய அந்த ஒரு வரியிலேயே பாதி ஆட்டம் இருக்கிறது. அவசரக்கார கீப்பரை ஏமாற்றுவது சுலபம். நாம் காலை ஓங்கினாலே ஒரு பக்கம் பாய்ந்து விழுந்துவிடுவான். மறுபக்கம் லேசாகத் தட்டிவிட்டால் கோல். மாமா அப்படி விழ மாட்டார். கம்பத்தை விட்டு என்னை நோக்கி நடந்து வருவார். அவர் கிட்ட வர வர அவருக்குப் பின்னால் தெரிந்த கோல் சின்னதாகிக்கொண்டே போகும். கடைசியில் வலையே தெரியாது, அவர் மட்டும்தான் தெரிவார். நான் பயந்து பின்வாங்கி, பந்தைக் குனிந்து பார்த்து, தூர மூலைக்கு ஓங்கி அடிப்பேன். நான் குனிந்து நிமிர்வதற்குள் அவர் கை அங்கே போயிருக்கும். அவர் எப்போது கிளம்புகிறார், எதைப் பார்த்துக் கிளம்புகிறார் என்பது தெரிந்தால் போதும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எங்கள் கேப்டன் தங்கவேலிடம் மட்டும் உனக்கு எழுதுவதைச் சொன்னேன். அவன், "உங்க அக்கா இப்ப அந்த ஊரு பொம்பளடா. அவ இன்னா சொன்னாலும் புருசன் சொல்லிக் குடுத்ததாத்தான் இருக்கும். நம்பி ஆடுனா நம்ப வலை கரையிலதான் காயும்"னு சொன்னான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு எனக்கே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நீ யார் பக்கம், அக்கா?

உன் தம்பி மாரி


நடுமேட்டுக் குப்பம்
24.11.1986

தம்பி மாரிக்கு அக்கா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். அம்மா, நைனா நலத்தை எழுதவும்.

பதில் போட நாளாகிவிட்டது. படகிலிருந்து இறங்கும்போது பாசி வழுக்கி விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டு வீங்கி அன்னக்கரண்டிகூடப் பிடிக்க முடியவில்லை. இதை இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். நான் விழுந்ததை அம்மாவிடம் சொல்லாதே.

நீ கேட்டதைப் பற்றி நிறைய யோசித்தேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எழுதிவிடுகிறேன்.

நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் வரை அவர் அசைய மாட்டார். நீ கண்ணைத் தாழ்த்துகிற நேரத்துக்குத்தான் காத்திருப்பார். தாழ்த்தினால் கை வந்துவிடும். அதனால் கண்ணைத் தாழ்த்தாதே. அவர் கிளம்பப் போகிறார் என்பது முன்கூட்டியே தெரியும். முதலில் கீழுதட்டை உள்ளே மடித்துக்கொள்வார். அப்புறம் இடது தோள் கொஞ்சம் இறங்கும். இடது தோள் இறங்கினால் வருவது வலது கை. வலது தோள் இறங்கி நான் பார்த்ததே இல்லை. அந்தக் கையும் நேராக வராது, மேலேயிருந்து வரும்.

நான் யார் பக்கம் என்று கேட்டிருந்தாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் பக்கம் யார் என்றும் தெரியவில்லை.

மனோரமா


லைட்ஹவுஸ் குப்பம்
30.11.1986

அக்காவுக்கு மாரி எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் கை தேவலையா?

கேட்டுவிட்டேனே தவிர, அந்தக் கை நிஜமாகவே வீங்கியதா என்றுதான் எனக்கு முதல் சந்தேகம். கோபித்துக்கொள்ளாதே. நடக்கத் தெரிவதற்கு முன்னாலேயே படகில் ஏறத் தெரிந்தவள் நீ. நீ பாசி வழுக்கி விழுந்தாய் என்றால் யார் நம்புவார்கள்? எழுத்தும் உன் எழுத்தாக இல்லை. பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லச் சொல்ல யாரோ எழுதினது மாதிரி இருக்கிறது. அந்த ஒருவர் யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

நீ எழுதியதைத் தங்கவேலிடம் படித்துக் காட்டினேன். அவன், "இது கீப்பரை எதிர்ல நின்னு பாத்தவன் சொல்றது. பொம்பள வூட்லருந்து சொல்றது இல்ல"ன்னான். எனக்கும் அதேதான் பட்டது. உதடு மடிவது, தோள் இறங்குவது, கை மேலேயிருந்து வருவது, இதெல்லாம் அவ்வளவு கிட்டத்தில் நின்று பார்த்தால் ஒழியத் தெரியாது. நீ ஒரு நாளும் மைதானத்துப் பக்கம் வந்ததில்லை. இது உனக்கு எப்படித் தெரியும்?

நீதான் எழுதுகிறாய் என்றால் இதற்குப் பதில் சொல். ஆறாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நான் எங்கே ஒளிந்துகொள்வேன்? அது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

மாரி


நடுமேட்டுக் குப்பம்
9.12.1986

தம்பி மாரிக்கு அக்கா எழுதுவது. எண்ணெய் தேய்ப்பதை நிறுத்த வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். இங்கே வழக்கம்போல் இருக்கிறோம்.

கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால், கருவாடு காயவைத்த பந்தலுக்கு அடியில். நாற்றம் தாங்காமல் கொஞ்ச நேரத்தில் நீயே வெளியே வந்துவிடுவாய். நான் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுவேன். போதுமா?

எப்படித் தெரியும் என்று கேட்கிறாய். ஒரே வீட்டில் இருந்தால் தெரியாதா? மைதானத்தில் ஒரு ஆள், வீட்டில் ஒரு ஆள் என்று மனிதர் இரண்டாக இருப்பதில்லை. அவ்வளவுதான் எழுத முடியும்.

விட்டுப்போன இரண்டு விஷயங்களை எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உன் இஷ்டம். ஒன்று, பின்வாங்காதே. தள்ளி நின்றால்தான் அந்த நீளக் கைக்கு வசதி. பின்னால் போகப் போக அகப்பட்டுக்கொள்வாய். அவரை நோக்கியே போ. மேலேயிருந்து வருகிற கைக்கு அடியில் எப்போதும் கொஞ்சம் இடம் இருக்கும், வலது காலுக்குப் பக்கத்தில். அங்கே புகுந்துவிடலாம். இரண்டு, தப்பித்துவிட்டோம் என்று உடனே தலையைத் தூக்காதே. முதல் வீச்சு தவறினால் அதே கை புறங்கையாகத் திரும்பி வரும். முதலாவதைவிட அதுதான் வலிக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆட்டம் முடிந்து கட்டுப்பாடு போனதும் முதல் வேலையாக இங்கே வா. பலகாரம் எதுவும் வேண்டாம், நீ வந்தால் போதும்.

மனோரமா


நடுமேட்டுக் குப்பம்
18.12.1986

அன்பு மச்சான் மாரிக்கு, கோதண்டம் எழுதிக்கொண்டது. அத்தை முழங்கால் வலி குறைந்ததா? மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். உன் ஆட்டமெல்லாம் எப்படிப் போகிறது?

நீ உன் அக்காவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இறால் கூடைக்கு அடியில் கிடைத்தது. நனைந்திருந்ததால் உலர்த்தலாம் என்று விரித்தேன். விரித்தால் கண்ணில் படத்தானே செய்யும். எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. எந்தக் கை என்று என்னிடமே கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன், நமக்குள் என்ன?

மனோரமா நல்ல பெண். சொன்னால் கேட்டுக்கொள்வாள். அவள் உனக்கு எழுதியதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் எழுதினாள் என்று நினைத்தால் அதன்படி ஆடு. எனக்குத் தெரியாமல் எழுதினாள் என்று நினைத்தால் அதன்படி ஆடு. நான் கம்பத்துக்கு முன்னால்தான் நிற்பேன்.

நீங்கள் கட்டுப்பாட்டை மீறி எழுதிக்கொண்டதை இங்கே பெரியவர்களிடம் நான் சொல்லவில்லை. வீட்டு விஷயம் வீட்டோடு இருக்கட்டும். கூடை தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள். அதனால் இனி சந்தைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு எழுதுவதாக இருந்தால் எனக்கே எழுது, படித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள கோதண்டம்


லைட்ஹவுஸ் குப்பம்
22.12.1986

மனோரமாவுக்கு மாரி எழுதுவது.

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன் வீட்டுக்காரர் கடிதம் போட்டிருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டு சிரித்தபடி எழுதியிருக்கிறார். என் கடிதத்தைக் கூடைக்கு அடியில் வைத்தாயா, அவர் கையில் கொடுத்தாயா என்று நான் கேட்கப் போவதில்லை. பந்தலுக்கு அடியில் ஒளிந்த கதையையும் அவரிடம் சொல்லி இரண்டு பேரும் சிரித்திருப்பீர்கள்.

தங்கவேல் சொன்னது சரியாகிவிட்டது. ஊருக்காக ஆடுகிறேன், நீ எழுதியதற்கு நேர்மாறாக ஆடுகிறேன். இனிமேல் உனக்கு எழுத மாட்டேன். நீ அந்த ஊர்க்காரியாகவே இருந்துகொள்.

மாரி


பழவேற்காடு
2.1.1987

தம்பி மாரிக்கு, கைருன் பீவி எழுதுவது. அல்லாஹ் காவலில் உங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

மனோரமா பெயருக்கு நீ அனுப்பிய கடிதம் இத்துடன் திரும்பி வருகிறது. அவள் சந்தைக்கு வந்து வாரங்கள் ஆகின்றன. ஓலைப்பெட்டி விற்கிற சாக்கில் நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று எடுத்தேன். இதுவரை ஒன்றையும் பிரிக்காதவள் இதைப் பிரித்துவிட்டேன். மேல்விலாசத்தில் பேனா அழுத்தியிருந்த விதமே சரியாகப் படவில்லை. படித்தபிறகு இதை அந்தப் பெண் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீ வேண்டுமானால் என்மேல் கோபப்படு.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் இதோடு நிறுத்துகிறேன். அவள் உனக்குப் பொய் எழுதவில்லை. அந்தக் கடிதங்களை இன்னொரு தடவை படித்துப் பார். பந்தை மறந்துவிட்டுப் படி.

கைருன் பீவி


லைட்ஹவுஸ் குப்பம்
19.1.1987

அன்புள்ள அக்காவுக்கு மாரி எழுதுவது. அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள். ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். நைனா சுகமாக இருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

ஆட்டத்தை நீ பார்க்கவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன். கைருன் அம்மா கடிதம் போட்டும் எனக்கு உறைக்கவில்லை. அவர்களும் உங்கள் கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன். உன் கடிதங்களைத் திரும்ப எடுக்கவே இல்லை.

முதல் பாதியில் எனக்கு இரண்டு வாய்ப்பு. நீ சொன்னதற்கு நேர்மாறாகத்தான் ஆடினேன். தள்ளி நின்றேன், பந்தைக் குனிந்து பார்த்தேன், தூர மூலைக்கு அடித்தேன். இரண்டையும் பிடித்தார். இரண்டாவதைப் பிடித்துவிட்டுப் பக்கத்தில் வந்து, "இன்னா மச்சான், அக்கா சொல்லிக் குடுத்தது இவ்ளோதானா? அதுக்கா அவ அவ்ளோ பட்டா?"ன்னார். சொல்லிவிட்டுப் பந்தைத் தட்டிக்கொண்டே போய்விட்டார். பட்டா என்றால் என்ன என்று ஆட்டம் முழுக்க அந்த ஒரு வார்த்தையே என் காதில் கிடந்தது.

ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு ஊரும் கோல் போடவில்லை. கல்லறைச் சுவர்மேல் ஏறி நின்றவர்கள்கூட இறங்கத் தொடங்கிவிட்டார்கள். தங்கவேல் நடுவிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டான். எனக்கு முன்னால் மாமா மட்டும்தான். வெளியே நடந்து வந்தார். நேர்மாறாக ஆடி இரண்டு தடவை விட்டாயிற்று, அதனால் இந்தத் தடவை நான் பின்வாங்கவில்லை. ஓடிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. பந்து எங்கே இருக்கிறது என்று என் காலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கீழுதடு உள்ளே மடிந்தது. இடது தோள் இறங்கியது. நீ எழுதியிருந்த வரிசையில், ஒன்றுகூட மாறாமல் நடந்தது, அக்கா. கை மேலேயிருந்து வந்தது. அதற்கு அடியில், வலது காலை ஒட்டிப் பந்தைத் தட்டிவிட்டேன்.

தலையைத் தூக்காதே என்று நீ எழுதியது எனக்கு நினைவில்லை. உடம்புக்குத்தான் நினைவு இருந்தது. தானாகவே குனிந்தேன். பந்து அவரைத் தாண்டிப் போனபிறகு, கோல் விழுந்தபிறகு, அந்தக் கை புறங்கையாகத் திரும்பி என் தலைக்கு மேலே போனது. காற்று பட்டது. பந்துக்கு வந்த கை இல்லை அது. பந்து அங்கே இல்லவே இல்லை. பந்தாட்டத்தில் அந்த இரண்டாவது கைக்கு வேலையே கிடையாது. அப்புறம் அது உனக்கு எப்படித் தெரிந்தது என்று அங்கேயே, அந்த மண்ணிலேயே, எனக்குப் புரிந்தது.

என்னைத் தோளில் தூக்கினார்கள். நான் அழுதேன். ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறான் என்று இன்னும் உயரத் தூக்கினார்கள். என் மனசில் இருந்ததெல்லாம், இந்தக் கோலுக்கு அவள் இன்றைக்கு வீட்டில் என்ன படப் போகிறாளோ என்பதுதான். இறக்கிவிடச் சொல்லிக் கத்தினேன். யாருக்கும் கேட்கவில்லை. கீழே இறங்கி உங்கள் ஊருக்குக் கிளம்பினால், பெரியவர்கள் படகை மறித்துக்கொண்டார்கள். ஜெயித்த சூட்டில் போனால் சண்டை வரும், விடியட்டும் என்றார்கள். நைனாதான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மறுநாள் அம்மா, நைனா, நான் மூவரும் வந்தோம். நீ முக்காடு மாதிரி முந்தானையைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றே பேசினாய். நான் கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லடா, நல்லாத்தான் கீறேன்"னு சொன்னாய். மாமா வாசல் பக்கம் உட்கார்ந்து நைனாவோடு இறால் விலை பேசிக்கொண்டிருந்தார். நைனாவும் பேசிக்கொண்டிருந்தார்.

அவர் எதிரில் உன்னால் சொல்ல முடியாது. அதனால் இதைக் கைருன் அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். மாமா உன்னை அடிக்கிறாரா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. உன்னைச் சந்தேகப்பட்டேனே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உன் தம்பி மாரி


கைருன் பீவி வீடு, பழவேற்காடு
27.1.1987

தம்பி மாரிக்கு அக்கா எழுதுவது. சுகம் என்று எழுதியே பழகிவிட்டது. இன்று சுகமில்லை என்று எழுதுகிறேன். அம்மாவின் முழங்காலைப் பற்றி நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம். கல்யாணமான முதல் மழைக்காலத்திலிருந்தே. பாசியில் நான் வழுக்கி விழவில்லை.

எந்தக் கை முதலில் வரும் என்று நீ முதல் கடிதத்தில் கேட்டிருந்தாய் அல்லவா, அதைப் படித்துவிட்டு இந்த வீட்டில் உட்கார்ந்து சிரித்தேன். கைருன் அக்கா பயந்தே போய்விட்டாள். இந்த உலகத்தில் அது என்னைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? அதற்கு எதிரில் தினமும் நிற்கிறவள் நான்தானே. முதலில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அப்புறம் கை வீங்கிக் கிடந்தபோது, எழுதினால் என்ன என்று தோன்றியது.

உன் கோலுக்காக எழுதவில்லை, மாரி. முகத்துவாரத்தில் யார் வலை கட்டினால் எனக்கென்ன? உதட்டையும் தோளையும் அவ்வளவு விவரமாக எழுதினால், இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய் என்று எழுதினேன். நீயும் அதையேதான் கேட்டாய், நான் நினைத்த அதே வார்த்தைகளில். ஆனால் என்னைப் பொய்க்காரி என்று நினைத்துக்கொண்டு கேட்டாய். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று நான் அழுத அழுகையைக் கைருன் அக்காவைக் கேட்டால் சொல்வாள். உன்மேல் கோபம் இருந்தது. இப்போது இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சரியாகிவிடும்.

ஆட்டம் முடிந்து வந்ததும் அவர், "நீதான சொன்னே?"ன்னார். "ஆமா, நாந்தான் சொன்னேன்"னேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதவில்லை. நீ பார்க்கும்போது தெரியும். முந்தானையை அப்படிப் போட்டிருந்தது அதனால்தான். இன்று அவர் வலைக்குப் போனபிறகு கைருன் அக்கா ஓலைப்பெட்டிகளோடு வந்தாள். திரும்பும்போது அவள் படகில் நானும் ஏறிவிட்டேன்.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்லியாக வேண்டும். போன ஆடியில், கட்டுப்பாடு வருவதற்கு முன்னால், நான் வீட்டுக்கு வந்து இரண்டு நாள்கூட இருக்காமல் திரும்பினேனே, நீ அப்போது எண்ணூருக்குப் பந்தாடப் போயிருந்தாய். நான் நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதுகைக் காட்டினேன். அம்மாவும் பார்த்தாள். "புருசன் பொண்டாட்டிக்குள்ள இருக்கறதுதாம்மா, பெரிசு பண்ணாத"ன்னு சொல்லிவிட்டு, நைனாதான் என்னைப் படகில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். போகிற வழியெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதனால் நீ மட்டும் வா. நைனா வேண்டாம், பெரியவர்கள் வேண்டாம். இரண்டு ஊருக்கும் இப்போதுதானே சமாதானம் ஆயிற்று என்பார்கள். அவரை வரவழைத்து, நாலு வார்த்தை கண்டித்து, வெற்றிலை மாற்றிக்கொண்டு, என்னைத் திரும்பவும் அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். நான் போக மாட்டேன்.

கிளம்பும் முன் அம்மாவிடம் இன்னொரு ஆளுக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல். எத்தனை நாளைக்கு என்று கேட்டால், நாள் கணக்கில் இல்லை என்று சொல்.

இப்படிக்கு,
உன் அக்கா மனோரமா